மேலிருந்து வரும் மஞ்சள்

கிடங்கில் அவளுக்கு வைத்த பெயர் சந்தேகம். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு கணம் யோசித்துத்தான் திரும்புவாள். "சந்தேகம் வந்தாச்சா?", "சந்தேகத்தைக் கேக்காம அதை எடுக்காத", "இன்னிக்கு சந்தேகம் லீவு" என்று நாள் முழுவதும் அங்கே பேச்சு நடக்கும். புதிதாக வருகிறவர்கள் இதை ஏதோ தத்துவப் பள்ளி என்று நினைத்துக்கொள்ள இடமுண்டு. உண்மையில் அது அலங்கார மீன்களை வரவழைத்து, சில வாரம் வைத்துப் பார்த்து, ஊர் ஊராக அனுப்பும் இடம். நீளமான ஒரே கூடம். இருபுறமும் மூன்றடுக்கு இரும்புச் சட்டங்கள், அவற்றில் நூற்று இருபது கண்ணாடித் தொட்டிகள், ஜன்னல்களில் ஒட்டிய கறுப்புத் தாள், காயவே காயாத தரை.

மீன் எது என்று அடையாளம் சொல்வதில் அங்கே கடைசி வார்த்தை அவளுடையது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடைசி வார்த்தை பெரும்பாலும் "தெரியலயே" என்பதுதான். பெட்டியின் மேல் மீனின் பெயரை அச்சடித்து ஒட்டியிருக்கும். கூடவே வந்த தாளிலும் அதே பெயர் இருக்கும். முதலாளி மூக்குக்கண்ணாடியை ஏற்றி இரண்டையும் படித்துக் காட்டுவார். அவள் தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து கால் மணி நேரம் பார்த்துவிட்டு, "சந்தேகமா இருக்கு சார்" என்பாள். மூன்று வாரம் கழித்து வால் ஓரத்தில் வரக்கூடாத ஒரு சிவப்பு வந்து, அவள் சொன்னதே சரி என்று ஆகும். அப்போதும் அவள், "சரியாத்தான் இருக்குமா?" என்று கேட்பாள்.

இதற்கு முன் ஒன்பது வருடம் பட்டன் தொழிற்சாலையில் நிறம் பிரிக்கும் மேஜையில் இருந்தாள். ஒரு சட்டைக்கு ஏழு பட்டன். ஏழும் ஒரே வெள்ளையாக இருக்க வேண்டும். வெள்ளை என்பது ஒன்றுதான் என்று நம்புகிறவர்கள் அந்த மேஜையில் ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும், வேறு பல நம்பிக்கைகளும் ஆட்டம் காணும். அவள் ஒவ்வொரு மாதமும் முந்தைய மாதத்தைவிட அதிகம் கழித்தாள். "நீ பாக்கற மாதிரி பாத்தா உலகத்துல ரெண்டு பட்டன் ஒண்ணா இருக்காதும்மா" என்று மேலாளர் அலுத்துக்கொண்டார். அவர் குறையாகச் சொன்னதை அவள் தகவலாக எடுத்துக்கொண்டாள். தொழிற்சாலை மூடப்பட்டபோது, தொட்டி கழுவும் வேலைக்கு இங்கே வந்து சேர்ந்தாள். தண்ணீர் என்றால் அவளுக்குப் பயம். கணுக்காலுக்கு மேல் எந்தத் தண்ணீரிலும் இறங்கியதில்லை. அப்படிப்பட்டவள் பதினொரு வருடமாக முழங்கைவரை தண்ணீரிலேயே இருக்கிறாள்.

வீட்டில் இந்தத் திறமைக்கு மரியாதை கிடையாது. கணவர் பஸ் ஓட்டுநர். சமையலறைச் சுவருக்கு மஞ்சள் பெயின்ட் வாங்கிவர அவளை அனுப்பினார். கடைக்காரர் நீட்டிய அட்டையில் இருபத்தேழு மஞ்சள் இருந்தன. சாயங்காலம் அவள் அட்டையோடு திரும்பி வந்தாள், பெயின்ட் இல்லாமல்.

"மஞ்சள்னா மஞ்சள்தானே? அதுல என்ன ஆராய்ச்சி?" என்றார் கணவர்.

"எந்த மஞ்சள்னு நீங்க சொல்லலயே."

"பஸ்ஸுல ஏறினவங்கள்லாம் ஒவ்வொரு சீட்டையும் உத்துப் பாத்துட்டுத்தான் உக்காருவேன்னா நான் வண்டியை எடுக்கவே முடியாது."

"அண்ணி, உப்பு போதுமான்னு கேட்டாலும் உங்களுக்கு சந்தேகம்தான்" என்று நாத்தனார் மாடியிலிருந்து குரல் கொடுத்தாள். "எங்கண்ணனைக் கட்டிக்கும்போது மட்டும் எப்படி வராம போச்சு?"

"வந்துச்சு. யாரும் கேக்கல."

சுவர் நாலு வருடமாக அடிப்பூச்சோடு மஞ்சளுக்குக் காத்துக் கிடக்கிறது.

அவளை வியக்க வைத்தது ஒரே ஒரு மீன். விரல் நீளத்திலிருந்து உள்ளங்கை நீளம்வரை வளரும். அழகில் முதல் பத்துக்குள் வராது. பெட்டியில் அதன் லத்தீன் பெயர் இருக்கும். யாரும் அதை உச்சரிக்கத் துணிந்ததில்லை. வேளைக்கு வேளை பாறையிலிருக்கும் பாசியைச் சுரண்டித் தின்பதால் கிடங்கில் அதற்குப் பாறைசுரண்டி என்று பெயர். அது தொலைதூரத்தில் ஒரே ஒரு ஏரியில் வாழ்கிறது. ஒரு முனையில் மழை கொட்டும்போது மறுமுனையில் வெயில் காயும் அளவுக்கு நீளமான ஏரி. அதன் கரையோரம் பாறை, பிறகு மணல், மீண்டும் பாறை, மீண்டும் மணல் என்று மாறி மாறி வரும். பாறைசுரண்டி பாறை முடிகிற இடத்தில் நின்றுவிடும். மணலில் தின்னப் பாசி இல்லை, ஒளிய இடுக்கு இல்லை. ஆகவே அது கடக்காது. தகப்பன் கடக்கவில்லை, அவன் தகப்பனும் கடக்கவில்லை. இப்படியே எண்ணிப் பார்க்க முடியாத தலைமுறைகள் அந்தந்தப் பாறையிலேயே இருந்துவிட்டதில், ஒவ்வொரு குடாவிலும் ஒவ்வொரு நிறம். ஒன்றில் தலை மட்டும் சிவப்பு, உடம்பு கரி. கிடங்கில் அதற்குத் தீக்குச்சி என்று பெயர். அடுத்ததில் உடம்பு முழுக்கத் துருப்பிடித்த இரும்பின் நிறம்; அதன் பெயர் துரு. இன்னொன்று முட்டைக்கரு. எல்லாம் ஒரே இனம். நாம் எல்லை போட முள்வேலி, காவலாளி, ரப்பர் முத்திரை என்று என்னென்னவோ செய்தும் முழுசாக நிற்பதில்லை. அங்கே வெறும் மணல், இரண்டு மூன்று கிலோமீட்டர் மணல், அதைச் செய்து முடித்திருக்கிறது.

ஆனால் ஒரே தொட்டியில் விட்டால் அவை உடனே குடும்பம் நடத்தும். குஞ்சுகளுக்கு இரண்டு நிறமும் சேர்ந்து வரும், அவற்றின் குஞ்சுகளுக்கு எந்தக் குடாவுக்கும் சொந்தமில்லாத ஒரு சேற்று நிறம். மணல் யுகம் யுகமாகச் செய்த வேலையை ஒரு வலை ஒரு நிமிடத்தில் அழித்துவிடும்.

இதில் மிகவும் தலைவலி தருபவை இரண்டு: வடக்குப் பட்டை, தெற்குப் பட்டை. இரண்டும் கறுப்பு. இரண்டுக்கும் நடுவுடம்பைச் சுற்றி மஞ்சள் பட்டை. அகலம் ஒன்று, ஓரம் ஒன்று, மஞ்சளும் பெயின்ட் கடைக்காரர் அட்டையில் ஒரே கட்டத்தில் விழும் மஞ்சள். இவற்றின் குடாக்களுக்கு நடுவே ஏரியின் பாதி நீளம் கிடக்கிறது. ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லாமல் ஒரே சட்டையைத் தைத்துக்கொண்ட இரண்டு ஊர்க்காரர்கள்.

தெற்குப் பட்டை கிடங்குக்கு வந்தது ஒரு பல் டாக்டரம்மா மூலம். அறுபத்து மூன்று வயது. பத்தொன்பது வருடமாக வீட்டு முன்னறையில் அந்த ஒரு வகையை மட்டும் வளர்த்தவர். ஏன் இந்த மீன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் கிடங்கில் பிரபலம். பாறைசுரண்டித் தாய் முட்டைகளையும் குஞ்சுகளையும் ஒரு மாதம் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். "வாயைத் திறங்க, திறங்கன்னு சொல்றதுதான் என் பொழப்பு. ஒரு மாசம் வாயே திறக்காத ஒருத்தியை அப்பத்தான் முதல் தடவையா பாத்தேன். விழுந்துட்டேன்."

அவர் இப்போது மகளோடு குடியிருக்கப் போகிறார். அங்கே ஒரு சின்னத் தொட்டிக்குத்தான் இடம். சரியாக அந்தச் சமயத்தில் ஏரிக்கரை ஆராய்ச்சி நிலையம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. மீனின் சொந்தக் குடாவுக்கு மேலே மலையை வெட்டிச் சாலை போட்டதில் மண் சரிந்து பாறைகளை மூடி, தெற்குப் பட்டை அங்கே அடியோடு அழிந்திருந்தது. பிறகு தடுப்புச் சுவர் கட்டி, பல மழைக்காலம் கழுவி, பாறை மறுபடி வெளியே வந்திருக்கிறது. பாசியும் பிடித்துவிட்டது. மீன்தான் இல்லை. கலப்பில்லாத கூட்டம் யாரிடமாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்ததில், மிஞ்சியது டாக்டரம்மாவின் முன்னறை மட்டும். பதினாறு வேண்டும், குறைந்தால் அவை ஒன்றையொன்று அடித்தே முடித்துவிடும். கலப்பு ஒன்று இருந்தாலும் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு மீனுக்கும் அடையாளம் கண்டவர் "உறுதி செய்கிறேன்" என்ற இடத்தில் கையெழுத்திட வேண்டும்.

டாக்டரம்மா வயதான இரண்டு பெண் மீன்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பதினாறைக் கிடங்கில் கொண்டுவந்து விட்டார். நோய் இருக்கிறதா என்று மூன்று வாரம் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை காலை விமானம். திங்கட்கிழமைதான் அந்தக் காரியம் நடந்தது.

கிடங்கில் தொட்டிக்கு அடையாளச் சீட்டு ஒட்டுவதில்லை. ஈரத்தில் ஊறி விழுந்துவிடும். ஒவ்வொரு தொட்டிக்கும் சொந்தமாக ஒரு கைவலை உண்டு. அதன் பிடியில் கட்டிய நூலின் நிறம்தான் மீனின் விலாசம். வடக்குப் பட்டைக்கு நீலம், தெற்குப் பட்டைக்கு வெள்ளை. தொட்டியைக் கழுவும்போது மீனை வாளிக்கு மாற்றி, வலையை வாளியின் மேல் வைத்துவிடுவார்கள். மீன் எங்கே போனாலும் வலை கூடவே போகும். நல்ல முறை. சுத்தக்காரர்கள் யாரும் இல்லாதவரை பழுதில்லாமல் நடக்கும்.

பாக்கிங் அண்ணன் சுத்தக்காரர். மீன் பைகளுக்கு ஆக்ஸிஜன் ஏற்றி முடிச்சுப் போடுபவர். கையைத் துடைத்த துணியைத் துவைத்து, துவைத்த கையை மறுபடி கழுவுபவர். வலைகளின் நூல் பாசி பிடித்து அசிங்கமாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டுப் புதிது கட்டினார். வடக்குப் பட்டை வலை ஒன்று மீதமிருக்கும்போதே நீல நூல் தீர்ந்துவிட்டது. அப்போதைக்கு இருக்கட்டும் என்று அந்த ஒரு வலைக்கும் வெள்ளையே கட்டினார்.

அதே திங்கட்கிழமை முதலாளிக்கு உழைக்கும் ஆசை வந்தது. வருடத்துக்கு ஒரு முறை வரும். கழுவி முடித்த தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு வாளி, இரண்டிலும் கறுப்பு மஞ்சள் மீன், இரண்டின் மேலும் வெள்ளை நூல். ஒரே வகை என்று முடிவுகட்டி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, இரண்டையும் ஒரே தொட்டியில் ஊற்றினார். பதினாறும் இருபத்தைந்தும் சேர்ந்து நாற்பத்தொன்று.

சந்தேகம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது தொட்டி வழக்கத்தைவிட நெரிசலாகத் தெரிந்தது. குந்தி உட்கார்ந்தாள். எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"யார் சார் இதை ஊத்தினது?"

"நான்தான். ஏன், தண்ணி சிந்திடுச்சா?"

அவள் சொல்லி முடித்தபோது பாக்கிங் அண்ணன் சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஈரத்தில் உட்கார்கிறோம் என்றுகூடப் பார்க்கவில்லை. முதலாளி கொஞ்ச நேரம் மீனைப் பார்த்தார், கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார்.

"ரெண்டும் கறுப்பு. ரெண்டுக்கும் மஞ்சள் பட்டை. பதினாறை எண்ணி அனுப்பிடுவோம். அங்க யார் கேக்கப் போறாங்க?"

"யாரும் கேக்க மாட்டாங்க சார். அதான் பயமா இருக்கு. கேக்காமலே ஏரியில விட்டுடுவாங்க."

டாக்டரம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் வந்தார், கத்தவில்லை. கண்ணாடிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய், கூட்டத்தில் பெரியதாக, எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்த ஓர் ஆண் மீனைக் காட்டினார். "இவன் என் ஆளு. எத்தனை கூட்டத்துல இருந்தாலும் தெரியும். மத்தவங்களும் மெதுவா தெரிஞ்சிடுவாங்க. பத்தொன்பது வருஷம் பாத்திருக்கேன்ல?"

நாற்பது நிமிடம் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "தெரியல" என்றார். அவரிடம் இருந்தது ஒரே வகை. ஒரே மொழி மட்டும் காதில் விழும் வீட்டில் வளர்ந்தவருக்கு அதில் ஓர் உச்சரிப்பு இருக்கிறது என்பது எப்படித் தெரியும்?

"போச்சு" என்றார் டாக்டரம்மா. "அந்தப் பாறைக்கு இனிமே ஆளில்ல."

அப்போது சந்தேகம் மேஜை அறைக்குள் போய் ஒரு நோட்டை எடுத்துவந்தாள். ஒன்பது வருடமாக அவள் எழுதிவரும் நோட்டு, யாரிடமும் காட்டியதில்லை. காரணம், அதில் எழுதியிருந்த ஒவ்வொரு வரியும் கேள்விக்குறியில் முடிந்தது.

காலையில் கிடங்கைத் திறந்து விளக்குப் போடுவது அவள் வேலை. இருட்டில் தூங்கும் பாறைசுரண்டி நிறத்தை விட்டுவிடும், சாம்பலாகிக் கிடக்கும். விளக்குப் போட்டதும் நிறம் திரும்பி வரும். நாலு நிமிடம். மற்றவர்கள் வந்து சேரும்போது எல்லா மீனும் உடுத்தி முடித்திருக்கும். அந்த நாலு நிமிடத்தைப் பார்த்தது அவள் ஒருத்திதான். வடக்குப் பட்டைகளின் பக்கத்தில் "கீழிருந்து?" என்று எழுதியிருந்தாள். தெற்குப் பட்டை வந்த மூன்று வாரமும் "மேலிருந்து?" என்று எழுதியிருந்தாள்.

"ஏம்மா, ஒன்பது வருஷமா இதை ஏன் சொல்லல?" என்றார் முதலாளி.

"என் கண்ணுக்கு மட்டும் அப்படித் தெரியுதோன்னு..."

"இப்ப சொல்றியே?"

"இப்பவும் அப்படித்தான் இருக்கு சார். அதனால வேற மாதிரி பண்ணணும்."

அவள் சொன்ன முறை இது. நாற்பத்தொரு மீனையும் தனித்தனிப் பாத்திரத்தில் விட வேண்டும். அவற்றோடு, சந்தேகமே இல்லாத சிலதையும் சேர்க்க வேண்டும்: வேறு தொட்டியில் கலக்காமல் இருந்த ஏழு வடக்குப் பட்டை, டாக்டரம்மாவின் வீட்டிலிருக்கும் இரண்டு கிழவிகள். மொத்தம் ஐம்பது. எந்த எண் எந்த மீன் என்று அவளுக்குத் தெரியக்கூடாது. அண்ணன் எண் போட்டு, இடம் மாற்றி, தாளை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். நாளைக் காலை அவள் பார்த்து எழுதுவாள். இரவு அண்ணன் எல்லாவற்றையும் மறுபடி கலைத்து வேறு எண் போட வேண்டும். புதன் காலை மறுபடி பார்ப்பாள். தெரிந்த ஒன்பதில் அவள் ஒன்று தவறினாலும் நோட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம். இரண்டு நாளும் ஒரே பதில் வந்த மீனை மட்டும் நம்பலாம்.

தன்னை நம்பாத ஒருத்தி, தன்னைப் பரிசோதிக்க இத்தனை கச்சிதமான பொறியை நின்ற நிலையில் கட்டியதைக் கேட்டு, டாக்டரம்மா முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீங்க எங்கம்மா படிச்சீங்க?"

"பட்டன் கம்பெனில, டாக்டர்."

கண்ணாடிப் பெட்டிகள் இருபதுதான் இருந்தன. எதிரில் இருந்த டீக்கடையிலிருந்து பிஸ்கட் பாட்டில்கள் முப்பது வந்தன. பாக்கிங் அண்ணன் அவற்றைக் கழுவிய கழுவலில், பிஸ்கட் என்ற சொல்லே அவற்றுக்கு மறந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் காற்றுக் குழாய், ஒவ்வொன்றின் மேலும் ஓர் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்த மூடி.

செவ்வாய் காலை ஆறு மணிக்கு நாலு பேர் கூடத்தில் நின்றார்கள். பம்புகளின் முணுமுணுப்பு மட்டும். தலைக்கு மேல் ஒரே ஒரு விளக்கு. அவள் முதல் அட்டையைத் தூக்கினாள்.

உள்ளே மீன் இருக்கிறது என்பதே முதலில் தெரியவில்லை. எரிந்த காகிதத்தின் நிறத்தில் ஓர் உருவம், கண் மட்டும் அசைந்தது. அரை நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு முதுகுத் துடுப்பின் வேருக்கடியில் ஒரு கறை தோன்றியது. ஈரத் துணியில் ஒரு சொட்டு விழுந்தது போல அது பரவத் தொடங்கியது, ஆனால் எல்லாப் பக்கமும் இல்லை, கீழ்நோக்கி மட்டும். இரண்டு விலாவிலும் ஒரே வேகத்தில் மஞ்சள் இறங்கியது. அது தொட்ட இடத்துக்கு இருபுறமும் சாம்பல் கறுத்து ஒதுங்கி வழிவிட்டது. வயிற்றடியில் இரண்டு பக்கமும் சந்தித்தபோது பட்டை பூட்டிக்கொண்டது. மீன் ஒரு முறை சிலிர்த்து, பாட்டிலின் சுவரில் இல்லாத பாசியைச் சுரண்டப் போனது.

அவள் எழுதிக்கொண்டு அடுத்த அட்டையைத் தூக்கினாள்.

அதே சாம்பல். அதே காத்திருப்பு. இம்முறை வெளிச்சம் கீழே பிறந்தது. வயிற்றுக்கடியில் யாரோ விளக்கைப் பிடித்தது போல ஒரு மஞ்சள், விலா வழியே ஏறி, முதுகில் போய்ச் சேர்ந்தது. ஏறி முடித்தபின் அதையும் முந்தையதையும் பக்கத்தில் வைத்தால் ஒரு முடி அளவு வித்தியாசம் கிடையாது. 'ட' எழுதச் சொன்னால் ஒரு பிள்ளை மேலிருந்து கோடு இழுக்கும், இன்னொன்று கீழ்க்கோட்டின் முனையிலிருந்து பின்னோக்கி வரும். தாளைப் பார்க்கிற வாத்தியாருக்கு இரண்டும் 'ட'தான். எழுதும்போது பக்கத்தில் நின்றவருக்குத்தான் தெரியும், அது வேறு கை.

ஏழாவது மீன் வந்தபோது டாக்டரம்மா மெல்லச் சொன்னார்: "பத்தொன்பது வருஷம். இந்த நாலு நிமிஷமும் தினம் நான் பல்லு வெளக்கிட்டு இருந்திருக்கேன்."

முதலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். எப்போது கழற்றினார் என்று அவருக்கே தெரியாது. அந்தக் கூடத்துக்கு இருபத்திரண்டு வருடமாகச் சொந்தக்காரர்.

பதினெட்டாம் எண்ணில் பெரிய ஆண் இருந்தது. டாக்டரம்மா "என் ஆளு" என்று காட்டியது. எண் தெரியாவிட்டாலும் அதன் உடம்பே எல்லாருக்கும் அடையாளம் சொன்னது. அட்டை தூக்கப்பட்டது. மஞ்சள் கீழிருந்து ஏறியது. சந்தேகம் பேனாவை வைத்துக்கொண்டு ஒரு நொடி நின்றாள். எழுதினாள். திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டரம்மா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

புதன் காலை மறுபடி ஐம்பது அட்டை. பத்து மணிக்கு அண்ணன் தன் சட்டைப்பையிலிருந்து இரண்டு தாள்களையும் எடுத்தார். நாலாக மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். அவர் படிக்க, முதலாளி இரண்டு நாள் பதில்களையும் ஒட்டிப் பார்த்தார். தெரிந்த ஒன்பது மீனும் இரண்டு நாளும் சரி. கிழவிகள் இருவரும் மேலிருந்து, ஏழு பேரும் கீழிருந்து. அதைக் கேட்டதும் சந்தேகம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தன் கண் சொன்னது வெளியிலும் இருக்கிறது என்பது, அதுவும் நாற்பத்தாறு வயதில், ஓர் ஆளை ஆட்டிவிடக்கூடிய செய்திதான்.

கலந்துபோன நாற்பத்தொன்றில், மேலிருந்து பதினாலு. கீழிருந்து இருபத்துநாலு. பெரிய ஆண் இரண்டு நாளும் கீழிருந்துதான். மீதி மூன்று மீன் ஒரு நாள் ஒன்றும் மறுநாள் வேறொன்றுமாகப் பதில் சொல்லியிருந்தன.

"பதினாறுல பதினாலு கெடச்சாச்சு" என்றார் முதலாளி. "அந்த மூணுல ரெண்டு டாக்டரோடது, ஒண்ணு நம்மளது. இது கணக்கு, இதுல சந்தேகம் இல்லல்ல? குத்துமதிப்பா ரெண்டை எடுத்துப் போடும்மா. தப்பாப் போக ஒண்ணே ஒண்ணுதான்."

"அந்த ஒண்ணு போதும் சார்."

"பதினாறு இல்லன்னா வாங்க மாட்டாங்க. உன்னோட பதினாலும் இங்கயேதான் கெடக்கும். அது பரவாயில்லயா?"

மூன்று பாட்டில்களையும் மேஜையில் வரிசையாக வைத்து, மதியம் முழுக்க முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவை மூன்றும் முழு மஞ்சளில், எந்தக் கவலையும் இல்லாமல், அவளைத் திருப்பிப் பார்த்தன. நாலு மணிக்கு எழுந்து டாக்டரம்மாவிடம் வந்தாள்.

"தெரியல டாக்டர். என்னால கையெழுத்துப் போட முடியாது. பதினாலுக்குப் போடுவேன். எங்க வேணா, எத்தனை தடவை வேணா போடுவேன். இதுக்கு முடியாது."

டாக்டரம்மா பாட்டில்களைப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் தனியாக இருந்த தன் இரண்டு கிழவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதிமூன்று வயது இருவருக்கும். மகள் வீட்டின் சின்னத் தொட்டிக்கு ஏற்கெனவே கல் வாங்கிப் போட்டாயிற்று.

"இவங்களுக்குக் கையெழுத்துப் போடுவீங்களா?"

"இவங்களுக்கு எதுக்கு..." என்று தொடங்கியவள் புரிந்து நிறுத்திக்கொண்டாள். "வயசாச்சு டாக்டர். அவ்ளோ தூரம்..."

"எனக்கும்தான் வயசாச்சு. நானும்தான் வீடு மாறப் போறேன்." "இவங்க பாட்டி பாட்டியா அந்தக் குடாவுலதான் இருந்தாங்க. ஒருத்தியாவது போய்ப் பாக்கட்டும்" என்றார்.

"அப்ப உங்களுக்கு?"

"அந்த மூணையும் குடுங்க. அதுல ரெண்டு பேர் எங்க வீட்டுப் பிள்ளைங்கதானே? எந்த ரெண்டுன்னு தெரியாமலே வளத்துக்கறேன். நெறையப் பேர் வீட்டுல அப்படித்தான் நடக்குது."

"குஞ்சு பொரிச்சா யாருக்கும் குடுத்துடாதீங்க."

"வாயே திறக்க மாட்டேன்."

வியாழக்கிழமை காலை பாக்கிங் அண்ணன் பதினாறு பைகளுக்கு முடிச்சுப் போட்டார். ஒவ்வொரு முடிச்சையும் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்த்தார். கடைசிப் பையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "அந்த நீல நூல்..." என்று ஆரம்பித்தார். "விடுங்கண்ணே. நீங்க கலைச்சு வெச்சதாலதான் நான் பாத்ததை நம்ப முடிஞ்சுது" என்றாள் அவள்.

படிவத்தில் பதினாறு வரிசை. "உறுதி செய்கிறேன்" என்பதற்கு நேராகத் தன் முழுப்பெயரைப் பதினாறு முறை எழுதினாள். முதலாளி எட்டிப் பார்த்து, "இதுதான் உன் பேரா?" என்றார். பெட்டியை மூடுமுன் உள்மூடியில் ஒரு தாளை ஒட்டினாள்: இருட்டிலிருந்து வருகின்றன, சாம்பலாக இருக்கும், பயப்பட வேண்டாம், ஒவ்வொன்றாகத் திறந்து, நாலு நிமிடம் வேறு வேலை பார்க்காமல் நின்று, மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று தயவுசெய்து எழுதி அனுப்புங்கள்.

வண்டி பெட்டியை ஏற்றிக்கொண்டு ஒரு பக்கம் போனது. டாக்டரம்மா மூடி போட்ட வாளியை மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு பக்கம் போனார். வேகத்தடை வரும் இடமெல்லாம் டிரைவரிடம் மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டே போயிருப்பார்.

செய்தி சனிக்கிழமை மதியம் முதலாளியின் கைபேசிக்கு வந்தது. அவர் கூடத்தின் நடுவில் நின்று உரக்கப் படித்தார். பதினாறும் உயிரோடு வந்து சேர்ந்தன. கேட்டுக்கொண்டபடி நின்று பார்த்தோம். நிலையத்தில் நாங்கள் ஒன்பது பேர். சமையல்காரரும் வந்து நின்றார். இந்த மீனில் முப்பது வருடம் வேலை செய்தவர் எங்களில் இருக்கிறார், அவரும் இதைப் பார்த்ததில்லை. மஞ்சள் மேலிருந்து வந்தது.

அவள் கை ஈரத்தைத் துணியில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"பதினாறுக்குமான்னு கேளுங்க சார்."

"ஏம்மா..." என்றார் முதலாளி. ஆனால் உட்கார்ந்து, ஒரு விரலால், எழுத்து எழுத்தாகத் தட்டி அனுப்பினார். பிறகு இரண்டு பேரும் கைபேசியை மேஜை நடுவில் வைத்துவிட்டு, அதன் இருபுறமும் உட்கார்ந்து காத்திருந்தார்கள். பாக்கிங் அண்ணன் வந்து பின்னால் நின்றுகொண்டார்.